ஓய்வுநாள் இல்லாத ஒரு தொண்டை

பாளையங்கோட்டைக்கு அருகில் உள்ள ஒரு சேகரத்திலிருந்து (பல சபைகள் சேர்ந்த திருச்சபைப் பிரிவு) ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருக்கு வயது 41. உதவிபெறும் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை கணக்குப் பாடம் எடுக்கிறார். பதினான்கு வயதில் ஆலயப் பாடகர் குழுவில் சேர்ந்தவர், திருமணத்துக்குப் பின் கணவரின் சபையிலும் விடாமல் தொடர்ந்து, 27 ஆண்டுகளாகச் சோப்ரானோ (பெண்குரல்களில் மிக உயர்ந்த பகுதி) பாடி வருகிறார். கடந்த ஜூலையில் ஒரு சளிக் காய்ச்சலுக்குப் பின் தொடங்கிய கரகரப்பு நான்கு மாதமாகியும் போகவில்லை. மேல் சுரங்களில் குரல் காற்றாகப் போகிறது. மெதுவாகப் பாடத் தொடங்கினால் முதல் எழுத்து ஒலிப்பதே இல்லை. கழுத்தின் இருபுறமும் மாலையில் வலிக்கிறது. விழுங்குவதில் சிரமமோ, எச்சிலில் இரத்தமோ, எடைக் குறைவோ இல்லை என்பதையும் அவர் மறக்காமல் எழுதியிருப்பது எனக்கு மிகவும் உதவியது.

கடிதத்தில் நான் இரண்டு முறை வாசித்த பகுதி, அவர் தமது ஒரு வாரத்தை நாள்வாரியாக எழுதியிருந்த பகுதி. ஞாயிறு அதிகாலை நாலரை மணிக்கு எழுந்து, சமையலை முடித்து, ஆறு மணித் திருவிருந்து ஆராதனையில் பாடுகிறார். ஒன்பது மணிக்கு இரண்டாம் ஆராதனை, அதன் பின் ஓய்வுநாள் பாடசாலையில் சிறுவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார். திங்கள் முதல் வெள்ளி வரை நாளொன்றுக்கு ஐந்து பாடவேளைகள், ஐம்பது பிள்ளைகளுக்கு மேல் உள்ள வகுப்பறை, தலைக்கு மேலே சத்தமிடும் பழைய மின்விசிறி. செவ்வாய் மாலை வீட்டில் டியூஷன். புதன் இரவு ஏழு மணி முதல் ஒன்பது வரை பாடகர் குழுப் பயிற்சி. வியாழன் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் பாடல் நடத்துவது அவர் பொறுப்பு. வெள்ளிக்கிழமை உபவாசம். மாலை நான்கு மணி வரை தண்ணீரும் குடிப்பதில்லை, அதே நாளில் ஐந்து வகுப்புகளும் உண்டு, இரவில் சோப்ரானோக்களுக்கு மட்டும் தனிப் பயிற்சியும் உண்டு. சனிக்கிழமை ஆலயத்தில் திருமணம் இருந்தால் அதற்கும் பாட வேண்டும். மாலை ஆறரை முதல் ஒன்பதரை வரை முழு ஒத்திகை. வீடு வந்து பத்தரைக்குச் சாப்பிட்டு, பதினொன்றுக்குப் படுத்து, மறுபடியும் நாலரைக்கு எழுகிறார்.

உள்ளூர் மருத்துவமனை ஒன்றில் கேமரா விட்டுப் பார்த்து, குரல் நாண்களில் (குரல்வளைக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் இரு மடிப்புகள்) இரண்டு பக்கமும் சிறு கட்டி இருப்பதாகவும் அறுவைச் சிகிச்சை செய்தால் பத்து நாளில் சரியாகிவிடும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். கணவர் பாடகர் குழுவை விட்டுவிடச் சொல்கிறார். குழுவின் மாஸ்டர், தொண்டையை நன்றாகத் திறந்து பாடினால் தானாகச் சரியாகும் என்கிறார். மாமியார், "கர்த்தருக்குப் பாடுற தொண்டையைக் கர்த்தர் பாத்துக்கிடுவாரு" என்று சொல்லிப் பனங்கற்கண்டும் மிளகும் தருகிறார். ஸ்தோத்திரப் பண்டிகைக்கு முந்தின நாள், உடன் பாடும் ஒருவர் மருந்துக்கடையில் வாங்கிக் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையில் குரல் ஒரே நாளில் திரும்பியதாம். டிசம்பர் மூன்றாம் ஞாயிறு கீத ஆராதனை, அதாவது கிறிஸ்துமஸ் பாடல்களால் நடக்கும் ஆராதனை. அதற்கும் அதையே வாங்கலாமா, அறுவைச் சிகிச்சை செய்யத்தான் வேண்டுமா, ஆல்ட்டோவுக்கு (பெண்குரல்களில் தாழ்ந்த பகுதி) மாறிவிட்டால் போதுமா என்று கேட்கிறார். கடைசியில், தம் மகளைப் பற்றி இரண்டு வரி சேர்த்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்காமல் விட்ட, ஆனால் கடிதம் முழுவதும் மறைந்து நிற்கிற கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். "கட்டி" என்ற சொல் உங்களைப் புற்றுநோய் அச்சத்தில் தள்ளியிருக்கிறது. நீங்கள் விவரித்திருப்பது, நான் கண்ணால் பார்க்காமல் சொல்லக்கூடிய அளவில், குரல்நாண் முடிச்சு என்று மருத்துவர்களான நாங்கள் அழைக்கும் நிலையோடு பொருந்துகிறது. இது புற்று அல்ல, புற்றாக மாறுவதும் அல்ல. பனையேறுபவரின் நெஞ்சிலும் உள்ளங்கையிலும் காய்ப்பு விழுவதைப் பார்த்திருப்பீர்கள். உராயும் இடத்தில் உடல் தன்னைத் தடிப்பாக்கிக்கொள்கிறது. அதே வேலையைத்தான் குரல் நாண்களும் செய்கின்றன. இரண்டு நாண்களும் மிக வேகமாக மோதிக்கொள்ளும் இடம் முன்புறத்திலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தள்ளி இருக்கிறது. முடிச்சுகளும் அங்கேதான், இரு பக்கமும் ஒன்றுக்கொன்று எதிராக விழுகின்றன. அந்த மேடுகள் இருப்பதால் நாண்கள் முழுமையாக மூடிக்கொள்ள முடியாமல் இடைவெளியில் காற்று கசிகிறது. மெதுவாகப் பாடத் தொடங்கும்போது முதல் எழுத்து ஒலிக்காததன் காரணம் இதுவே. பயிற்சி குறைந்ததாலோ வயதானதாலோ அது நேரவில்லை.

பேசும்போது ஒரு பெண்ணின் குரல் நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 200 முறை மோதுகின்றன. ஒரு நாளில் எல்லாப் பேச்சும் சேர்ந்து ஒரு மணி நேரம் மட்டுமே குரல் ஒலித்ததாக வைத்துக்கொண்டாலும் 7 லட்சத்து 20 ஆயிரம் மோதல்கள். கணக்கு ஆசிரியையான நீங்கள் இதை ஐந்து பாடவேளைக்கும் டியூஷனுக்கும் நீட்டிப் பார்த்துக்கொள்ளலாம். கீத ஆராதனையின் முடிவில் ஹேண்டல் என்ற ஐரோப்பிய இசையமைப்பாளரின் அல்லேலூயா கோரஸ் பாடப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் சோப்ரானோக்களுக்குப் படிப்படியாக ஏறும் நீண்ட சுரங்கள் மேல் ஜி என்ற உயர்ந்த சுரம் வரை போகின்றன. அந்தச் சுரத்தில் நாண்கள் நொடிக்கு 784 முறை மோத வேண்டும். இருந்தும், உங்கள் தொண்டையை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது அந்த ஜி என்று நான் நினைக்கவில்லை. நன்றாகப் பழகிய, ஓய்வெடுத்த தொண்டை அதைத் தாங்கும். உங்கள் தொண்டை அந்தச் சுரத்துக்கு வந்து சேரும் முன்பே களைத்திருக்கிறது.

உங்கள் வாரத்தை ஒரு தாளில் எழுதி, குரல் ஓய்ந்த நாள் எது என்று தேடினேன். அப்படி ஒரு நாளும் இல்லை. ஓய்வுநாள் என்று நீங்கள் போற்றுகிற ஞாயிறுதான் உங்கள் தொண்டைக்கு மிகக் கடுமையான வேலைநாள். மறுநாள் காலை அது மன்னிப்பில்லாமல் வகுப்பறைக்குப் போகிறது. நாண்களில் ஏற்படும் வீக்கம் வடிவதற்குச் சில மணி நேரம் முதல் ஓரிரு நாள் வரை தேவைப்படும். அது வடிவதற்குள் அடுத்த பயிற்சி வந்துவிட்டால் வீக்கத்தின் மேல் வீக்கம் படிந்து தடிப்பாகிறது. உங்கள் மாமியாரின் நம்பிக்கையோடு எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை. வாரத்தில் ஒரு நாள் ஓய்ந்திரு என்ற கட்டளையும் அதே வேதத்தில் இருப்பதை மட்டும் அவர்களோடு உட்கார்ந்து பேசிப் பாருங்கள். செவ்வாய்க்கிழமையை உங்கள் குரலின் ஓய்வுநாளாக வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும் என்று தோன்றுகிறது. டியூஷனை நிறுத்தி, பள்ளியிலும் அன்று எழுத்துத் தேர்வு, பலகைக் கணக்கு என்று வைத்துக்கொண்டு, மாலையில் பேசாமல் இருங்கள்.

அறுவைச் சிகிச்சை பற்றி

முடிச்சுகளுக்கு முதல் சிகிச்சை கத்தி அல்ல, குரல் பயிற்சி. உங்களுக்கு அறுவைச் சிகிச்சையைப் பரிந்துரைத்தவர் கேமராவில் வேறு எதையாவது பார்த்திருக்கலாம் என்பதால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். பாலிப் (சிறு சதை வளர்ச்சி), நீர்க்கட்டி போன்றவை பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பவை, பயிற்சியால் மட்டும் கரையாதவை. அவற்றுக்கு அறுவை தேவைப்படலாம். இரண்டு பக்கமும் முடிச்சு என்பதே முடிவானால், ஆறு முதல் எட்டு வாரம் முறையான குரல் சிகிச்சை எடுத்து, மறுபடியும் பார்த்த பின்புதான் அடுத்த பேச்சு. பெரும்பாலானோருக்கு அந்தப் பேச்சுக்கே தேவை வருவதில்லை. பழக்கம் மாறாமல் முடிச்சை மட்டும் வெட்டினால், அதே இடத்தில் மீண்டும் விழும். மேலும் குரல் நாணின் மேலுறை மிக மெல்லியது. அறுவையில் அங்கே தழும்பு விழுந்தால் நாண் விறைத்து, பேசும் குரல் தப்பினாலும் பாடும் குரல் குறையக்கூடும். இந்த ஆபத்து சிறியதுதான், ஆனால் பாடுபவரிடம் அதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்கக் கூடாது. பத்து நாளில் சரியாகிவிடும் என்ற வாக்கையும் திருத்திக்கொள்ளுங்கள். அறுவைக்குப் பின் சில நாள் முழு மௌனமும், பின்னர்ப் பல வாரம் படிப்படியான பயிற்சியும் தேவைப்படும். பழைய உயரத்துக்குப் பாடத் திரும்புவது மாதக்கணக்கு.

இதில் உங்களுக்குச் சில உரிமைகள் உண்டு. கேமராவில் பதிவான படத்தையும் அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். நோயாளி கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிமுறைகளில் உள்ளது. தயங்கிக் கேட்க வேண்டிய தயவு அல்ல அது. வேறொரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்பதும் முதல் மருத்துவரை அவமதிப்பதாகாது. அவரிடம் ஸ்ட்ரோபோஸ்கோப்பி வசதி இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். விட்டுவிட்டு ஒளிரும் விளக்கால் நாண்களின் அதிர்வை மெதுவாக்கிக் காட்டும் அந்தச் சோதனையில்தான் முடிச்சு, பாலிப், நீர்க்கட்டி ஆகியவற்றின் வேறுபாடு தெளிவாகத் தெரியும். கூடவே தைராய்டு இரத்தப் பரிசோதனை ஒன்றும் செய்துகொள்ளுங்கள். உங்கள் வயதில் தைராய்டு குறைபாட்டாலும் குரல் தடிக்கும். குரல் சிகிச்சைக்குப் பேச்சுச் சிகிச்சை வல்லுநரிடம் போகும்போது, அவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரா, பாடுபவர்களுக்குச் சிகிச்சை அளித்த அனுபவம் உண்டா என்று விசாரியுங்கள்.

வெளிப்படையாக ஒன்று சொல்ல வேண்டும். கரகரப்பு நான்கு வாரம் தாண்டினாலே தொண்டையைக் கேமரா விட்டுப் பார்த்துவிட வேண்டும். ஆசிரியர்களும் பாடுபவர்களும் இன்னும் சீக்கிரமே வர வேண்டும். நீங்கள் நான்கு மாதம் பொறுத்தது தவறு. ஆனால் காலம் கடந்துவிடவில்லை.

அந்த மாத்திரை

இதில் மட்டும் நான் கண்டிப்பாகப் பேசுகிறேன். ஸ்டீராய்டு வீக்கத்தை வேகமாக வடியவைக்கும். ஆகவே குரல் திரும்பியது போலத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் முடிச்சு அங்கேயே இருக்கிறது. வலியும் எச்சரிக்கையும் மறைந்துவிட்டதால் நீங்கள் அன்று வழக்கத்தைவிடக் கடுமையாகப் பாடியிருப்பீர்கள். அப்படி அழுத்திப் பாடும்போது நாணின் மேலுறைக்குள் இருக்கும் நுண்ணிய இரத்தக் குழாய் வெடித்தால், நடுப்பாட்டில் குரல் ஒரே நொடியில் அற்றுப்போகும். அந்த இரத்தம் தழும்பாக ஆறினால் சேதம் நிலைத்துவிடலாம். தலைவலிக்கு என்று நாம் யோசிக்காமல் போடும் ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் இரத்தம் உறைவதைத் தாமதமாக்குவதால் அந்த ஆபத்தைக் கூட்டும். மாதவிலக்குக்கு முந்தின நாள்களில் நாண்கள் சற்றே வீங்கி இருப்பதால் அப்போது இன்னும் கவனம் தேவை. இதயத்துக்காக மருத்துவர் தந்த ஆஸ்பிரினை யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பாடுபவர்களுக்கு நாங்களும் அரிதாக ஸ்டீராய்டு தருவது உண்டு. நாண்களைக் கண்ணால் பார்த்து, இரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்து, குறைந்த நாள்களுக்குத் தருகிறோம். மருந்துக்கடை மேசையில் அந்தச் சோதனை நடக்காது. சர்க்கரை, இரத்த அழுத்தம், வயிற்றுப் புண் என்று அதன் மற்ற விளைவுகளும் உங்களோடு உடன் பாடும் அவருக்கும் பொருந்தும். அவரிடமும் சொல்லுங்கள்.

நீங்கள் நல்லதென்று செய்து வருபவற்றில் சிலவற்றையும் பார்ப்போம். வீட்டில் குரலைப் பாதுகாக்க இரகசியக் குரலில் பேசுவதாக எழுதியிருக்கிறீர்கள். பலருக்கு அது ஓய்வாக அமைவதில்லை, குரல்வளைத் தசைகளை இறுக்கி மேலும் களைப்பாக்குகிறது. பேச வேண்டியிருந்தால் மென்மையான இயல்புக் குரலில் பேசுங்கள், இல்லையென்றால் பேசாதீர்கள். அடிக்கடி தொண்டையைச் செருமுவது இரண்டு நாண்களையும் அறைந்துகொள்ளச் செய்வது போன்றது. செரும வேண்டும் என்று தோன்றும்போது ஒரு வாய்த் தண்ணீரை விழுங்குங்கள். பனங்கற்கண்டையும் மிளகையும் நான் தடுக்க மாட்டேன், தொண்டைக்கு இதம் தரும். ஆனால் நாம் விழுங்கும் எதுவும் குரல் நாண்களின் மேல் படுவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. விழுங்கும்போது குரல்வளை மூடிக்கொள்கிறது, உணவு பின்னால் உள்ள உணவுக்குழாயில் இறங்குகிறது. மூச்சுப்பாதையில் பட்டால் இருமித் துப்பிவிடுவோம். வாய் கொப்பளிக்கும் உப்புத் தண்ணீரும் அவ்வளவு கீழே போகாது. நாண்களை நேராகத் தொடுவது மூச்சுக்காற்று மட்டுமே. ஆகவே ஒத்திகைக்கு முன் ஐந்து நிமிடம், மருந்து எதுவும் கலக்காத வெறும் ஆவி பிடிப்பது பயன் தரும். கொதிக்கும் பாத்திரத்தின் மேல் குனிய வேண்டாம், சூடு பட்டுக் காயமாகும்.

குடிக்கும் தண்ணீர் உடல் முழுக்கச் சென்று, இரத்தத்தின் வழியாகத்தான் நாண்களின் ஈரத்தைக் காக்கிறது. ஒத்திகையின் நடுவே ஒரு மிடறு குடித்து அது நிறைவேறாது, காலையிலிருந்தே குடிக்க வேண்டும். இங்கேதான் உங்கள் வெள்ளிக்கிழமை என்னைக் கவலைப்பட வைத்தது. தண்ணீரில்லாமல் ஐந்து வகுப்பு எடுத்து, வறண்ட நாண்களோடு அன்றிரவே சோப்ரானோ பயிற்சிக்குப் போகிறீர்கள். வாரத்திலேயே அதிகக் காயம் அன்று ஏற்படுகிறது என்று நான் கருதுகிறேன். உபவாசத்தை விடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. உணவை விலக்கித் தண்ணீர் குடித்துக்கொண்டே உபவாசிக்கிறவர்கள் உங்கள் சபையிலேயே இருப்பார்கள். உங்கள் சேகரகுருவிடம் மருத்துவக் காரணத்தைச் சொல்லிக் கலந்து பேசுங்கள். முடியாது என்றால், பயிற்சியையாவது வேறு நாளுக்கு மாற்றுங்கள்.

சனிக்கிழமை இரவுச் சாப்பாடு இன்னொரு கண்ணி. பத்தரைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுப் பதினொன்றுக்குப் படுத்தால், இரைப்பை அமிலம் மேலேறிக் குரல்வளையின் பின்புறத்தைப் புண்ணாக்கக்கூடும். நெஞ்செரிச்சல் இல்லாமலே இது நடப்பதுண்டு. காலையில் குரல் கனத்திருப்பது, தொண்டையில் ஏதோ ஒட்டியிருப்பது போன்ற உணர்வு ஆகியவை இதன் அடையாளங்களாக இருக்கலாம். ஒத்திகைக்கு முன்பே ஆறு மணிக்கு இட்லியோ சப்பாத்தியோ சாப்பிட்டுவிட்டு, திரும்பி வந்தபின் மிக இலேசாக ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் இருப்பது நல்லது. ஒத்திகையை எட்டரைக்கு முடிக்கக் கேட்பதும் நியாயமான கோரிக்கைதான். உங்களைப் போல மறுநாள் நாலரைக்கு எழ வேண்டியவர்கள் அந்தக் குழுவில் வேறு யாரும் இல்லாமலா இருப்பார்கள்?

பள்ளிக்கூடத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் முடிச்சுகளில் பெரும்பங்கு அங்கே விழுந்திருக்கும். இடுப்பில் கட்டிக்கொள்ளும் சிறு ஒலிபெருக்கியும் தலையில் மாட்டும் மைக்கும் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. குரல் கெட்ட ஆசிரியர்களிடம் செய்த ஆய்வுகளிலும் அது பலன் தந்திருக்கிறது. சக ஆசிரியர்கள் என்ன நினைப்பார்களோ என்று கூச்சப்படாதீர்கள். மருத்துவரிடம் சான்று பெற்றுத் தலைமை ஆசிரியரிடம் கொடுத்து, சுண்ணக்கட்டி போல இதுவும் பணிக்கான ஒரு கருவி என்று எடுத்துச் சொல்லுங்கள். பின்வரிசைப் பிள்ளையைக் கூப்பிட மேசையைத் தட்டுங்கள், குரலை உயர்த்தாதீர்கள். அந்த மின்விசிறியைச் சரிசெய்யக் கேட்பதும் உங்கள் சிகிச்சையின் ஒரு பகுதியே.

கீத ஆராதனையும் ஆல்ட்டோவும்

ஆல்ட்டோவுக்கு மாறுவது ஓய்வு என்று பலர் நம்புகிறார்கள். சுரம் தாழ்ந்தால் மோதல்களின் எண்ணிக்கை குறையும் என்பது உண்மை. ஆனால் 27 ஆண்டுகள் சோப்ரானோ பாடிய ஒருவர், கீழ்ச்சுரங்களில் கேட்க வேண்டுமே என்று நெஞ்சிலிருந்து அழுத்தித் தள்ளினால் ஒவ்வொரு மோதலும் கனமாகிவிடும். எனவே மாறுவதானால், அழுத்தாமல், பக்கத்தில் நிற்பவரின் குரலுக்குள் உங்கள் குரல் மறைந்துபோகும் அளவில் மட்டும் பாடுங்கள். சில மாதங்களுக்கான தற்காலிக இருப்பிடமாக அதை ஏற்கலாம். கணவர் சொல்வது போலக் குழுவை அடியோடு விடத் தேவையில்லை. முழு மௌனம் இரத்தக் கசிவுக்கும் அறுவைக்குப் பிந்திய சில நாள்களுக்கும் உரிய மருந்து. முடிச்சுகளுக்கு மாதக்கணக்கில் மௌனம் இருந்தால் தசைகள் தளர்ந்துபோகும், பழைய பழக்கமோ பேசத் தொடங்கிய அன்றே திரும்பி வரும்.

டிசம்பர் மூன்றாம் ஞாயிறுக்கு என் கருத்து இது. அதற்குள் ஸ்ட்ரோபோஸ்கோப்பியில் இரத்தக் கசிவோ விரிந்த இரத்தக் குழாயோ இல்லை என்று தெரிந்தால், நடு உயரத்தில் அமைந்த இரண்டு அல்லது மூன்று பாடல்களை மட்டும் பாடுங்கள். மேல் ஜி உங்களுக்கு இந்த ஆண்டு வேண்டாம். ஒத்திகைகளில் முழுக் குரல் கொடுக்காமல், மேல் சுரங்களை ஒரு ஸ்தாயி கீழே மெல்லப் பாடிக் காட்டுங்கள். உலகெங்கும் மேடைப் பாடகர்கள் ஒத்திகையில் குரலைச் சேமிக்கும் வழி அது, சோம்பல் என்று யாரும் கொள்வதில்லை. சோதனையில் கசிவு தெரிந்தால், அன்று நீங்கள் சபையாரோடு உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு கீத ஆராதனை போனால் அடுத்த ஆண்டு இன்னொன்று வரும். இப்படிச் சொல்லும்போது உங்களுக்கு எவ்வளவு வலிக்கும் என்று தெரிந்தே சொல்கிறேன்.

சுருதியைக் குறைப்பது பாட்டுக்கு அவமானம் என்று உங்கள் மாஸ்டர் கருதுவதாக எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் மரியாதையோடு ஒரு செய்தியைச் சொல்லுங்கள். ஹேண்டலுடையது என்று பாதுகாக்கப்பட்டுவரும் சுருதிக்கவை (தட்டினால் ஒரே சுரத்தில் ஒலிக்கும் உலோகக் கவை) நொடிக்கு 422.5 அதிர்வில் ஒலிக்கிறது. இன்று நம் கீபோர்டுகள் அதே சுரத்தை 440இல் வைத்திருக்கின்றன. அதாவது 1741இல் அவர் எழுதிய அந்தக் கோரஸை இன்று நாம் அவர் காலத்துச் சுருதியைவிட அரைச் சுரத்துக்குச் சற்றுக் குறைவான அளவு உயர்த்தியே பாடிக்கொண்டிருக்கிறோம் எனலாம். உங்கள் குழு டானிக் சால்ஃபா முறையில் (சுரங்களை டோ, ரே, மீ என்று எழுத்துகளால் குறிக்கும் முறை) படிப்பதாக எழுதியிருப்பதால் வேலை இன்னும் எளிது. தலைப்பில் 'டோ' டி என்றிருப்பதைச் சி என்று வைத்துக்கொண்டால் போதும், கையில் உள்ள தாளில் ஓர் எழுத்தும் மாறாது, 784 என்பது 698 ஆகிவிடும். ஆர்கன் வாசிப்பவருக்கு மட்டும் சற்று உழைப்பு. கீபோர்டு என்றால் ஒரு பொத்தான். உங்களுக்கு மட்டுமன்றி, சொல்லாமல் சிரமப்படும் மற்ற சோப்ரானோக்களுக்கும் அது உதவும்.

தொண்டையைத் திறந்து பாடச் சொன்ன மாஸ்டரை நான் குறைவாக நினைக்கவில்லை. 1854இல் பல் மருத்துவரின் சிறு கண்ணாடியையும் சூரிய ஒளியையும் கொண்டு, பாடும்போது அசையும் தம் சொந்தக் குரல் நாண்களைக் கண்ட மானுவேல் கார்சியா ஒரு பாட்டு ஆசிரியர். எங்கள் துறையே அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. ஆகவே கேமராப் பதிவை மாஸ்டருக்கும் காட்டுங்கள். முடிச்சைக் கண்ணால் பார்த்தவர், அதே அறிவுரையை மறுபடி சொல்ல மாட்டார். ஞாயிறு அதிகாலையில் பாமாலைக்குள் நேராக இறங்காமல், பத்து நிமிடமாவது குரலைச் சூடேற்றும் பழக்கத்தைக் குழு முழுவதற்கும் கொண்டுவர அவரால்தான் முடியும். ஒரு தம்ளரில் இரண்டு விரல் உயரம் தண்ணீர் வைத்து, ஸ்ட்ரா வழியாகக் குமிழ் எழும்படி "ஊ" என்று ஊதிக்கொண்டே தாழ்விலிருந்து மேலே, மேலிருந்து தாழ்வுக்குக் குரலை வழுக்கிச் செல்லுங்கள். வாய்க்குள் ஏற்படும் அந்த எதிரழுத்தம் நாண்கள் மென்மையாக மோத உதவுகிறது. நாளுக்கு நான்கைந்து முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நிமிடம் போதும். வகுப்புக்கு முன்பும் பாடி முடித்த பின்பும் இதைச் செய்யுங்கள்.

கேரல் ரவுண்ட்ஸ் (வீடுவீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிப் போவது) மட்டும் இந்த ஆண்டு வேண்டவே வேண்டாம். நள்ளிரவுப் பனியும், வண்டியின் இரைச்சலுக்கு மேலே கத்திப் பாடுவதும், தூக்கம் கெடுவதும் ஒரே இரவில் சேர்கின்றன. போகாமல் இருக்க மனம் ஒப்பாது என்றால், வீட்டுப் பட்டியலையும் காணிக்கைப் பெட்டியையும் கையில் வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் போய் வாருங்கள். எங்கே பாடும்போதானாலும் குரல் திடீரென்று அற்றுப்போனால் அந்த வரியோடு நிறுத்திவிட்டு, மறுநாளே மருத்துவரிடம் போக வேண்டும். காதுவரை பரவும் தொண்டை வலி, விழுங்கச் சிரமம், எச்சிலில் இரத்தம், கழுத்தில் புதிய வீக்கம், மூச்சில் சத்தம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் கீத ஆராதனை முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இனி நீங்கள் கடைசியில் சேர்த்த இரண்டு வரிகள். இந்த ஆண்டு சோப்ரானோவில் சேர்ந்த உங்கள் பதினைந்து வயது மகளுக்கும் பயிற்சிக்குப் பின் குரல் கம்முகிறது, இது பரம்பரையாக வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடிச்சு பரம்பரையாக வருவதைவிட, பாடும் முறையாக வருவதே அதிகம். பிள்ளைகள் பக்கத்தில் நிற்பவரின் ஒலியைப் போலி செய்து பாடக் கற்கிறார்கள். அவள் பக்கத்தில் நிற்பது நீங்கள். இந்த வயதில் பெண்பிள்ளைகளின் குரலும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. குரலில் சற்றுக் காற்று கலந்திருப்பது இயல்பு, அதை அழுத்திச் சரிசெய்யச் சொல்லக் கூடாது. பயிற்சிக்குப் பின் கம்மிய குரல் மறுநாள் காலை தெளிந்துவிட்டால் கவலை வேண்டாம், அடுத்த பயிற்சியில் உயரத்தையும் நேரத்தையும் குறைத்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், நீங்கள் பரிசோதனைக்குப் போகும் அன்றே அவளையும் அழைத்துப் போங்கள். அதுவரை மேல் சுரங்களில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்க அவளுக்கு அனுமதி உண்டு என்று நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள். அம்மா சொன்னால் அவள் வெட்கப்படாமல் செய்வாள்.